நிரல்மொழிக் குழுக்களுக்கு: மொழியை மாற்றுங்கள், மாற்றியையும் சேர்த்தே தாருங்கள்

நிரல்மொழிகளின் அடுத்த பதிப்பைத் தீர்மானிக்கும் குழுக்களுக்கு, வணக்கம்.

பழைய நிரலை உடைக்கும் எந்த முன்மொழிவையும், அந்த நிரலைப் புதிய வடிவில் எழுதித்தரும் கருவி கூடவே வராவிட்டால் ஏற்காதீர்கள். இதுவே எங்கள் கோரிக்கை.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு பைத்தானே சாட்சி. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோதே 'டூ-டு-த்ரீ' மாற்றியும் வந்தது. ஆனாலும் பைத்தான் 2-க்கான ஆதரவை 2020 வரை இழுக்க வேண்டியிருந்தது. பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடுவது எளிது. இலக்கணத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 7/2? பழைய பதிப்பில் விடை 3, புதியதில் 3.5. இரண்டு மாறிகளை வகுக்கும் இடத்தில் அவை முழு எண்ணா, தசமமா என்பது ஓடும்போதுதான் தெரியும். மாற்றி அதைத் தொடவில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் தவறும். ஒரு மதிப்பு எழுத்துச் சரமா (ஸ்ட்ரிங்), வெறும் பைட்டா என்ற சிக்கலும் இதே ரகம்தான். போதாக்குறைக்கு அந்த மாற்றி ஒருவழிப் பாதை: ஒரே கோப்பு இரு பதிப்பிலும் ஓட வேண்டிய நிரல் நூலகங்களுக்கு அது கைகொடுக்கவில்லை. யூனிகோட் சரம் என்று காட்ட, பழைய பதிப்பைப் போல ஸ்ட்ரிங்குக்கு முன் 'யூ' போடுவதை 2012-ல் வந்த 3.3 மீண்டும் அனுமதித்ததே அதனால்தான்.

ரஸ்ட் மொழி இதை வேறு விதமாகக் கையாண்டது. அதன் 2018 எடிஷனில் (பழையதை உடைக்கும் மாற்றங்களைத் தாங்கிவரும், ஆண்டின் பெயரிட்ட பதிப்பு) 'ஏசிங்க்' மொழிக்கே ஒதுக்கப்பட்ட சொல் ஆனது. அந்தப் பெயரில் மாறி வைத்திருந்தவர்கள் எடிஷன் தேர்வோடு 'கார்கோ ஃபிக்ஸ்' என்ற திருத்தும் கட்டளையை ஓட்டினால், இது வெறும் பெயர்தான் என்று காட்டும் 'ஆர்#' அதற்கு முன் சேர்ந்துவிடும். பிறகு திட்டத்தின் அமைப்புகள் உள்ள 'கார்கோ.டாமல்' கோப்பில் ஆண்டை மாற்றிவிட்டுச் சோதனைகளை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நூலகமும் தன் எடிஷனைத் தானே அறிவிப்பதால் பழையதும் புதியதும் ஒரே நிரலில் இணைகின்றன. ஓட்டை இங்கும் உண்டு. விண்டோஸுக்கு மட்டும் கம்பைல் ஆகும் பகுதி, லினக்ஸில் ஓட்டும் கருவியின் கண்ணில் படாது. தளத்துக்குத் தளம் தனியே ஓட்டியாக வேண்டும்.

ஆகவே கருவியிடம் இவற்றைக் கேளுங்கள். குறிப்புரை, இடைவெளி, வரிமுறிவு எல்லாவற்றையும் வைத்திருக்கும் முழு இலக்கண மரத்தில் அது இயங்கட்டும். அவற்றை விட்டுவிடும் கம்பைலரின் சுருக்கமரத்திலிருந்து திரும்ப எழுதினால் கோப்பு முழுவதும் மாறியதாகத் தெரியும். உண்மையில் மாறிய மூன்று வரியைச் சரிபார்ப்பவர் தேடி அலைவார். இரண்டாம் முறை ஓட்டினால் எதுவும் மாறக் கூடாது. சந்தேகமான இடத்தில் பழைய பொருளைக் காக்கும் வடிவமே வேண்டும், பார்க்க லட்சணமாக இல்லாவிட்டாலும் சரி: டிக்‌ஷனரியின் 'கீஸ்' அழைப்பு பழையபடி பட்டியலையே தர, அதைச் சுற்றி டூ-டு-த்ரீ 'லிஸ்ட்' போட்டது சரியான முடிவு. அதுவும் முடியாதென்றால் ஊகிக்காமல், வரி எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கட்டும்.

முன்மொழிவை ஏற்குமுன், ரஸ்டின் 'கிரேட்டர்' என்ற சோதனைக் கருவி செய்வதுபோல் பொது நூலகங்கள் மீது ஓட்டிப் பாருங்கள். மனிதர் கையால் திருத்த வேண்டிய இடங்களின் எண்ணிக்கையை முன்மொழிவிலேயே வெளியிடுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் கருவியோடு நிறுத்தாமல், முன்மொழிவையும் திருத்துங்கள்.