எத்தனை வாக்கு வைத்திருக்கிறீர்கள்?

பலெர்மோ
சிசிலி, இத்தாலி
18.06.2022

அன்பு மச்சான் சிவத்துக்கு,

நான் நலம். நீயும் வீட்டாரும் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை என்று நீதான் பட்டியல் போட்டே அனுப்பிவிட்டாயே. அக்காவின் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பதிலில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. நம் கூட்டாளி வண்டு கனடாவில் இன்னொரு வீடும் வாங்கிவிட்டானாம். வாழ்த்துச் சொல்வதற்கு மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அலுவலுக்கு வருகிறேன். கடந்த ஞாயிறு, 12ஆம் திகதி, இங்கே மாநகரசபைத் தேர்தல் நடந்தது. அங்கே இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தலை ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டார்கள் என்று நீ பொருமிக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே தேர்தல் நடந்துவிட்டதே என்று பொருமுகிறேன். நம் இருவருக்கும் பொருமுவதற்கு எப்போதும் ஏதாவது கிடைத்துவிடுகிறது.

வென்றவர் ரொபேர்த்தோ லகல்லா. கதிர்வீச்சு மருத்துவர், இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பழைய தலைவர், வலதுசாரிக் கூட்டணியின் வேட்பாளர். 47.6 வீத வாக்கு. மற்றப் பெருநகரங்களில் இது போதாது. பாதியைத் தாண்டாவிட்டால் இரண்டு வாரம் கழித்து முதல் இருவரும் மறுபடி மோத வேண்டும். சிசிலிக்குத் தனிச் சட்டம், 40 வீதம் வந்தாலே கதிரை. இரண்டாவதாக வந்த மிச்செலி என்ற கட்டடக் கலைஞருக்கு 29.5 வீதம். மூன்றாவது யார் தெரியுமா? ஃபெர்ராந்தெல்லி! 2012இலும் நின்றார், 2017இலும் நின்றார், இப்போதும் நின்றார். வாசிகசாலைத் தலைவர் பதவிக்கு உன் பெரியப்பா நின்றதுபோல என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. உன் பெரியப்பாவுக்குத்தான் அவள் வாக்குப் போட்டாளாம், இத்தனை வருடம் கழித்து இப்போது சொல்கிறாள்.

வாக்களித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் வயிற்றெரிச்சல். 42 வீதத்தைக்கூட எட்டவில்லை. நீ கணக்கில் புலி, பெருக்கிப் பார். உரிமை உள்ள நூறு பேரில் இருபதுக்கும் குறைவானவர்கள் சேர்ந்து தெரிவுசெய்த நகரபிதா இவர்.

அன்றைய கூத்தைக் கேள். இந்த நகரத்தில் 600 வாக்குச்சாவடிகள். கடைசி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலைமை அலுவலர்கள் தங்களால் வர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். காலையில் சுமார் ஐம்பது சாவடிகள் திறக்கவே இல்லை. எங்களுடைய சாவடி பள்ளிக்கூடத்தில். பெரிய கதவு திறந்திருக்கிறது, வகுப்பறை பூட்டியிருக்கிறது, நடைக்கூடத்தில் நின்ற பொலிஸ்காரர் நம்மைவிடக் குழம்பிப்போயிருக்கிறார். ஒரு கிழவி கைத்தடியால் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, நாற்பது வருடமாக வாக்குப் போடுகிறேன், பிணவறை மாதிரிப் பூட்டியிருப்பதை இன்றுதான் பார்க்கிறேன் என்று சத்தம் போட்டாள். மதியத்துக்குப் பிறகுதான் சாவடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஏன் வரவில்லை? அன்றிரவு உதைபந்தாட்டம்! பலெர்மோ அணி பாதோவா அணியோடு மோதி வென்றால் இரண்டாம் பிரிவுக்கு ஏறும். ஆட்டம் இரவு 9.15க்கு, வாக்களிப்பு முடிவது 11 மணிக்கு. பந்து பார்க்கத்தான் அலுவலர்கள் கம்பி நீட்டினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது, ஆனால் ஊர் நம்பிவிட்டது. பலெர்மோ ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது, விடியும்வரை வெடி. நம்முடைய மூத்த மகனார் கறுப்பும் இளஞ்சிவப்புமாகச் சால்வை கட்டிக்கொண்டு அரங்கத்தில்தான் இருந்தார். பகலெல்லாம் தூங்கிவிட்டு, ஆட்டம் முடிந்து வந்து வாக்குப் போடுவேன் என்றார். ஆட்டம் முடியும்போது சாவடியையும் மூடிவிட்டார்கள். நான் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்காகப் பத்து வருட வதிவிடம் காட்டி, அதற்கு மேல் வருடக்கணக்காகக் கந்தோர் வாசல்களில் நின்றவன். அந்தப் பயல் என்னோடு ஒட்டிக்கொண்டு இலவசமாகப் பெற்றான். கீழ் வீட்டுப் பெட்டை இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறாள். தாய் தகப்பனுக்கு இத்தாலியப் பிரஜாவுரிமை இல்லாததால் 18 வயதுவரை அவள் வெளிநாட்டுக்காரி. அவளைக் காட்டி மூத்தவனுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். இரண்டாம் பிரிவுக்கு ஏறிவிட்டோம் அப்பா என்றான். அடிக்கக் கை வரவில்லை, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உள்ளே போனால் ஏழு சீட்டுகள். நீதித்துறை பற்றிய சர்வசன வாக்கெடுப்புக்கு ஐந்து, நகரபிதாவுக்கும் சபைக்கும் சேர்த்து ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று. ஏழையும் மடித்து முடிக்க விரல் வலித்தது. நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்பாய், சொல்லிவிடுகிறேன். நகரபிதாவுக்கு மிச்செலி. சபைக்கு வேறு அணியின் பட்டியலில் இருந்து, எங்கள் தெருக் குப்பைக்காகச் சண்டை பிடித்த ஒரு பெண். அப்படிப் பிரித்துப் போட இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு தோணியில் கால் வைப்பவன் என்று நீ சொல்லப்போவது கேட்கிறது.

இந்தக் கடிதத்தை எழுத வைத்த சங்கதியே இனித்தான். மே மாதத்தில் ஒரு நாள் நம் பூசை மண்டபத்துக்கு ஒருவர் வந்தார். வேட்பாளர் இல்லை, ஒரு வேட்பாளரின் ஆள். பெயரும் கட்சியும் வேண்டாம். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. பிள்ளையாரைக் கும்பிட்டார், சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு செயற்குழுவைப் பார்த்துக் கேட்டார்: உங்களிடம் எத்தனை வாக்கு இருக்கிறது? எந்தெந்தச் சாவடியில் எத்தனை?

சாவடிக் கணக்கு எதற்கு என்று நம்மவர்களில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நம் நாட்டில் விருப்பு வாக்கு என்றால் இலக்கத்துக்கு நேரே புள்ளடி. சுவர் சுவராக இலக்கம் எழுதித் திரிந்தவன் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வேட்பாளரின் குடும்பப் பெயரை நம் கையாலேயே சீட்டில் எழுத வேண்டும். இரண்டு பெயர் எழுதலாம், ஒன்று ஆண் என்றால் மற்றது பெண்ணாக இருக்க வேண்டும். எண்ணும்போது ஒவ்வொரு சாவடியாகப் பெயர்க் கணக்கு வெளியே வரும். ஒரு சாவடியில் சில நூறு பேர்தான். அங்கே ஏழு வாக்குத் தருகிறேன் என்று நீ சொல்லி, ஐந்து விழுந்தால், இரண்டு எங்கே என்று கேட்க ஆள் வரும். யார் பெயரோடு யார் பெயரைச் சோடி சேர்த்து எழுத வேண்டும் என்றும் சொல்லிக்கொடுப்பார்களாம். சோடியைப் பார்த்தே எந்த வீட்டு வாக்கு என்று கண்டுபிடித்துவிடலாம். சீட்டைப் படம் எடுத்துக் காட்டுகிற வழக்கத்தை நிறுத்த, 2008இல் இருந்து கைத்தொலைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சட்டம். படமே தேவையில்லாத இந்த வழிக்கு எந்தச் சட்டம் போடுவது?

வந்தவர் போனதும் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. கொடுத்துவிடுவோம், மண்டபத்துக்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்றார் பொருளாளர். முப்பது வருடமாக இவர்களின் வீடு துடைக்கிறோம், கிழவர்களைக் குளிப்பாட்டுகிறோம், ஒருவராவது நம் வாசலுக்கு வந்திருக்கிறார்களா, இப்போதுதானே நம்மை மதித்து வந்திருக்கிறார்கள் என்றார். அந்த மதிப்பு என்ற சொல் என்னைக் குத்தியது, மச்சான். அவர் பொய் சொல்லவில்லை. எண்ணிக் கேட்டாவது ஒருவர் வந்தாரே என்ற ஆறுதல் அந்த மனிதருடைய குரலில் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இன்றைக்கு அனுமதி கேட்டு வாக்கைக் கட்டிக் கொடுத்தால், நாளைக்கு அந்தக் கட்டு யார் கையில் இருக்கும்? நாம் எந்த ஊரில் இருந்து இதைப் பேசுகிறோம்? மே 23ஆம் திகதி மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஃபல்கோனேயை மாஃபியா கபாச்சியில் நெடுஞ்சாலையோடு சேர்த்து வெடிவைத்துக் கொன்று 30 வருடம் ஆனது. அதே கிழமைகளில் லகல்லாவுக்கு வெளிப்படையாக ஆதரவு சொன்னவர்களில் ஒருவர் குஃபாரோ, மாஃபியாவுக்கு உதவிய குற்றத்துக்காகச் சிறை இருந்து வந்த முன்னாள் சிசிலி முதல்வர். நினைவு நிகழ்வுக்கு லகல்லா போகவில்லை. வாக்களிப்புக்குச் சில நாள் முன்னால், சபைக்கு நின்ற இரண்டு பேரை, மாஃபியா ஆட்களிடம் வாக்குக் கேட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் அடுத்தடுத்துக் கைதுசெய்தார்கள். வழக்கு என்ன ஆகுமோ, அது நீதிமன்றத்தின் பாடு. பொருளாளருக்கு அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். அன்று மாலையே கட்டுப் பேச்சு நின்றுவிட்டது. நான் வென்றேன் என்று நினைக்காதே. அவரவர் தனித்தனியாக என்ன எழுதினார்களோ, யாருக்குத் தெரியும்.

இவ்வளவும், இதுவரை நகரபிதாவாக இருந்த ஓர்லாந்தோ இல்லாததால் வந்த வினை என்று மண்டபத்தில் சிலர் சொல்கிறார்கள். தொடர்ந்து இரண்டு தவணை முடிந்ததால் அவர் இம்முறை நிற்க முடியாது. அவரைப் பற்றி நான் உனக்கு நிறையவே எழுதியிருக்கிறேன். வாக்குரிமை இல்லாத வெளிநாட்டவரும் தங்களுக்கென்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்ய 2013இல் ஓர் ஆலோசனைச் சபை அமைத்தவர். வதிவிட அனுமதி என்ற முறையே ஒழிய வேண்டும் என்று சொன்னவர். உள்துறை அமைச்சராக இருந்த சல்வீனியின், குடியேறிகளை நெருக்கும் சட்டம் வந்தபோது அதை அப்படியே நடைமுறைப்படுத்த மாட்டேன் என்று நின்றவர். இந்த மனிதரால்தான் இந்த ஊரில் நான் நிமிர்ந்து நடந்தேன், அதை மறைக்க மாட்டேன். 1993இல், சிசிலியில் நகரபிதாவை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்யத் தொடங்கிய புதிதில், இவருக்கு 75 வீதம் விழுந்தது.

ஆனால் ரொத்தொலி சேமக்காலையையும் சொல்ல வேண்டும். பெல்லெக்ரீனோ மலையடிவாரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே அடக்க இடமில்லாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் கூடாரங்களில் அடுக்கிக் கிடந்தன. எரியூட்டும் உலையும் பழுது. மேலே குகைக் கோயிலில் புனித ரொசாலியா அம்மா. ஞாயிறு தோறும் நம்மவர்கள், சைவக்காரரும் வேதக்காரரும் ஒன்றாக மலையேறி அவரிடம் போகிறார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. கீழே செத்தவர்கள் மண்ணுக்குக் காத்துக் கிடந்தார்கள். உயிரோடு இருந்த அந்நியனை மதித்த நிர்வாகம், செத்துப்போன சொந்தக்காரனைக் கைவிட்டது. மிச்செலி தோற்றதற்கு நான் சொல்லும் முதல் காரணம் அந்தச் சவப்பெட்டிகள்தான். ஓர்லாந்தோ பக்கத்து ஆள் என்று அந்தப் பாரத்தை மிச்செலி தலையில் ஏற்றிவிட்டார்கள். நம்மில் எரிக்க வேண்டியவர்களை என்ன செய்வது? வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கடன் வாங்கிய வீடு எனக்குத் தெரியும்.

லகல்லா சேமக்காலையைச் சீர்செய்வதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார். செய்தால் கைதட்டுவேன், எனக்கு இதில் வெட்கம் இல்லை. செய்ய அவருக்கு வசதியும் இருக்கிறது. 40 ஆசனங்களில் 24 அவர் பக்கத்துப் பட்டியல்களுக்கு. யாழ்ப்பாணத்தில் 2020இல் பாதீடு இரண்டு தரம் தோற்று நகரபிதாவின் பதவி போனதே, அது இங்கே நடக்காது. சபை அவரை விரட்டினால் சபையும் கூடவே கலையும். கதிரை இனிக்கும்வரை உறுப்பினர்கள் அவரைத் தொட மாட்டார்கள்.

அதனால்தான் உன்னிடம் ஒரு வேலை. புதிய சபை கூடியவுடன், மண்டபத்தின் பெயரில் ஒரு மகஜர் கொடுப்பது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. உலையை இயக்க வேண்டும், எரியூட்டும்போது எங்கள் கிரியைக்கு ஒரு சிறிய இடம் தர வேண்டும், இந்த இரண்டு மட்டும். வாக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வரக் கூடாது. பொருளாளர் கடைசிப் பந்தியில் எங்கள் சமூகத்தின் வாக்குப் பலம் என்று ஒரு வரி சேர்க்கப் பார்க்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன். சனசமூக நிலையத்துக்கு மகஜர் எழுதியே காலம் கழித்தவன் நீ. தமிழில் எழுதி அனுப்பு, மகள் இத்தாலிய மொழியில் மாற்றித் தருவாள். மின்கம்பத்துக்கு எழுதினாயே, அதுபோல மூன்று பக்கம் புகழ்ச்சி வேண்டாம். ஒரு பக்கம் போதும். வரிசையில் நிற்கும் நேரத்தில் எழுதிவிடலாம், உனக்கு இப்போது நேரத்துக்கு மட்டும்தான் தட்டுப்பாடு இல்லை.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு சொல்.

உன்
குட்டி