சாஷே சேலைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

சாஷே என்கிற காலி ஷாம்பு பாக்கெட்டுகளைத் தைத்து நான் செய்த சேலை, கடலூரில் ஒன்பது நாள் காட்சிக்குத் தொங்கியது. அதை நேற்று மடித்து எடுத்து வைத்தேன். மடிக்கும்போது சரசரவென்று சத்தம், புதுப் பட்டு மாதிரியே. சுவரில் என் பெயர் மட்டும் இருந்தது எனக்கே உறுத்தியது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு. "ஷாம்பு கவரா? இதை யாரு கேட்பா?" என்று சிரித்துவிட்டு, மறுநாளே ஒரு கோணிப்பை நிறையக் கொடுத்தீர்கள். காயலான் கடை அண்ணனும் அதையேதான் சொன்னார்: "இதுக்கு விலையே கிடையாது தம்பி." பல அடுக்குகளை ஒட்டிச் செய்த தாள், பிரித்து உருக்க எளிய வழியில்லை. அதனால் பாட்டில் காயலான் கடைக்குப் போகிறது, சாஷே ஆற்றோடு போகிறது.

இத்தனைக்கும் ஷாம்பு சாஷே நம்ம ஊர்ச் சரக்கு. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். 1983-இல் அவர் மகன் ரங்கநாதன் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் புதிது ஒன்று இலவசம் என்று அப்போது ஒரு திட்டம்கூட இருந்தது. பாட்டில் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு ஷாம்பு வந்தது இப்படித்தான். திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட்டை நானும் தங்கையும் பாதிப் பாதியாகப் பிழிந்து குளித்தவர்கள்தான்.

வழக்கறிஞர் நண்பருக்கு ஒரு நன்றி. முதலில் மூவர்ணக் கொடி செய்வதாகத்தான் இருந்தேன். தேசியக் கொடியை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக் காட்டித் தடுத்தீர்கள். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கொடிக்கே நாடு முழுக்கத் தடை. ஷாம்பு சாஷேக்கு இல்லை! சரி, நாட்டைக் காட்டக் கொடிதானா வேண்டும், எல்லா வீட்டிலும் இருக்கும் சேலை போதாதா என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பக்கத்து வீட்டு அத்தை, உங்கள் குழாயடியை மூன்று நாள் பிடுங்கிக்கொண்டேன். கழுவக் கழுவ நுரை. காலி என்று நினைத்த 2,400 பாக்கெட்டில் எவ்வளவு ஷாம்பு மிச்சம்! தெருவே மணத்தது.

தையற்கடை அக்காவை எங்கே சேர்ப்பது? அது பாதி அவருடைய வேலை. ஊசிக்கு அடியில் வழுக்கிய பாக்கெட்டுகளைச் செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்தெடுத்தது அவர் யோசனை. ஒவ்வொன்றின் மூலையிலும் பல்லால் கடித்துக் கிழித்த தடம் இருந்தது. நான் வெட்டி நேராக்கப் போனேன். "விடு, அதுதான் பார்டர்" என்றார். வந்தவர்கள் அதிக நேரம் நின்றது அந்த பார்டருக்கு முன்னால்தான்.

முந்தானைக்கான பாக்கெட்டுகள் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தம்பிகளின் கொட்டகையிலிருந்து வந்தவை. இந்தி எழுத்து போட்ட பான் பாக்கெட்டுகள். "தமிழ்ச் சேலையில் இது எதற்கு?" என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். அவருக்கும் நன்றி, அரை மணி நேரம் சண்டை போட்டோம், அப்புறம் டீ குடித்தோம்.

முதலில் பேசிய மண்டபம் "குப்பையை உள்ளே விட மாட்டோம்" என்று கடைசி வாரத்தில் கைவிரித்தபோது, தன் குடோனைத் திறந்துவிட்ட அரிசி மண்டி அண்ணாச்சிக்கும் பெரிய கும்பிடு.

கடைசி நாளன்று கரையோர அக்காக்கள் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் முந்தானையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, ரவிக்கைத் துணி எங்கே?"

தைத்துக்கொண்டிருக்கிறோம் அக்கா. பாக்கெட் ஒரு முந்நூறு குறைகிறது.