தோவாளைப் பூக்களை வெக்டராக்காதே

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்து, கோயில்வரை நடந்து போய் வருகிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் நலம். மூத்தவள் அவள் ஆசைப்படியே விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்துவிட்டாள். ஓணம் நெருங்குவதால் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ விலை ஏறிக்கொண்டே போகிறது. விடிவதற்கு முன்பே கேரளத்து வண்டிகள் வந்துவிடுகின்றன.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நம் மாவட்டத்தைப் பற்றிய அந்தப் படத்துக்காக நீ வரைந்த நீர்வண்ண ஓவியங்களை எல்லாம் வெக்டராக மாற்றித் தரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து மாற்றாதே. வெக்டர் என்பது கோடுகளைக் கணக்காக வைத்திருக்கும் படம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்பது உண்மைதான். ஆனால் உன் ஓவியத்தை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இமேஜ் டிரேஸ் செய்தால், அதாவது தானாகவே வெக்டராக மாற்றவிட்டால், என்ன ஆகும்? சாயம் தண்ணீரில் பரவி மெல்ல மங்கும் இடமெல்லாம் தட்டையான திட்டுகளாக வெட்டுப்படும். ஓரமெங்கும் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்து கோப்பு கனத்துவிடும். அசைப்பதும் எளிதாகாது, உன் கையெழுத்தும் மிஞ்சாது.

ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா என்ன செய்கிறது, எது அசைகிறது என்று முதலில் எழுதிக்கொள். வெக்டரா, ஸ்கேன் போலப் பிக்சல்களால் ஆன பிட்மேப்பா என்பது அதிலிருந்து தானாகவே தெரிந்துவிடும்.

பூச்சந்தை ஷாட்டை எடுத்துக்கொள். கேமரா கொஞ்சம்தான் உள்ளே போகிறது. ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் நீளவாட்டில் 3508 பிக்சல் கிடைக்கும். 1920 பிக்சல் அகலமுள்ள எச்டி திரைக்கு அது ஏறக்குறைய 1.8 மடங்கு ஜூம் வரை தாங்கும். 600 டிபிஐயில் என்றால் 7016 பிக்சல், மூன்றரை மடங்குக்கு மேலேயே போகலாம். வீடியோவுக்குள் வந்துவிட்டால் டிபிஐக்கு அர்த்தமில்லை, பிக்சல் கணக்கு மட்டும்தான். ஆனால் அந்தப் பெரிய ஸ்கேன் ஒன்றே ஒரு நிறத்துக்கு 8 பிட் என்ற கணக்கில் கிட்டத்தட்ட 139 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் 600இல் எடுக்காதே, ஜூம் உள்ள ஷாட்டுக்கு மட்டும் போதும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமா? தூரக்காட்சி ஒன்று, கிட்டக்காட்சி ஒன்று என்று இரண்டு ஓவியம் வரைந்து, ஜூமின் நடுவில் ஒன்றை மற்றொன்றுக்குள் கரைத்துவிடு. பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு எனக்கு வெக்டர்தான் சரி என்று படுகிறது. அத்தனை தூண்களும் ஒரே மாதிரி. ஒன்றை வரைந்து நகல் எடுத்தால் முடிந்தது. 115 அடி உயரத்தைக் காட்டக் கேமரா கீழிருந்து மேலே ஏறும்போதும் கோடு கூர்மையாகவே நிற்கும். பின்னால் உள்ள மலையும் கீழே ஓடும் பறளியாறும் உன் தூரிகையிலேயே இருக்கட்டும்.

திருவள்ளுவர் சிலை ஷாட்டும் அப்படித்தான். கடலில் புள்ளியாகத் தெரியும் 133 அடிச் சிலை, முகம் திரையை நிறைக்கும்வரை வளர வேண்டும். எந்த ஸ்கேனும் அதற்குப் போதாது. படத்தை அசைப்பவரிடம், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவு மென்பொருளில் இல்லஸ்ட்ரேட்டர் கோப்பைக் கொண்டுவந்ததும், லேயருக்கு நேரே இருக்கும் சூரியன் மாதிரியான குறியை அழுத்தச் சொல். அழுத்தாவிட்டால் வெக்டரும் பிக்சல் படம் போலவே மங்கும். அழுத்திய பிறகோ, அந்த லேயரில் போட்ட பிளர், நிழல் எல்லாம் லேயரோடு சேர்ந்து பெரிதாகாது, அதற்குத் தனியாகக் கீஃபிரேம் போட்டு, எந்த நொடியில் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் குழம்புவது இங்கேதான். கல்லின் சொரசொரப்பு வேண்டுமென்றால் உன் கரடுமுரடான தாள் ஒன்றை ஸ்கேன் செய்து மேலே போடலாம். அது சிலையோடு சேர்ந்து நகர வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

ஊர்ப்பெயர்கள் எழுத்தெழுத்தாக விழ வேண்டும் என்றாய். இதில் கவனம் வேண்டும். ‘தோவாளை’ என்பதை டெக்ஸ்டாகவே விட்டு அசைத்தால், இரட்டைக்கொம்பு முதலில் வந்து, அப்புறம் த வந்து, கால் தனியாக விழக்கூடும். பார்க்கச் சகிக்காது. இல்லஸ்ட்ரேட்டரிலேயே எழுத்தை அவுட்லைனாக்கி, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, தோ, வா, ளை என்று மூன்று குழுவாகக் கட்டி, மூன்று லேயராக வைத்துக்கொடு. தமிழ் எழுத்து திரையில் உடைந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

விழும் பூவிதழ்களுக்கு வெக்டர் வேண்டாம். நூற்றுக்கணக்கில் பறக்கும்போது கணினி படத்தை உருவாக்கும் ரெண்டர் வேலை இழுக்கும். திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அதைப்போல் இரண்டு மடங்கில் பிட்மேப்பாக இருந்தால் தாராளம். பின்புலம் நீக்கி பிஎன்ஜியாகக் கொடு. ஜேபிஜியில் ஒளிபுகும் பின்புலமே கிடையாது. வெட்டும்போது தாளின் வெள்ளை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டு.

முதலில் சந்தை ஓவியத்தை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக அனுப்பு, இங்கே கேமராவை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். பிச்சி, கேந்தி, அரளி மூன்றுக்கும் தனித்தனித் தாள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இதழ் இடைவெளி விட்டு வரை. படம் கேட்டவர்களிடம் போனுக்கு நெட்டுவாக்கில் ஒரு பதிப்பும் வேண்டுமா என்று இப்போதே கேட்டுவிடு. வேண்டுமென்றால் வானத்தையும் கடலையும் கூடுதல் உயரத்தில் தீட்ட வேண்டியிருக்கும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்