தம்பி பணம் கட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்மாவுக்கு,

டீச்சரம்மா மகன் கொண்டுவந்த பொட்டலம் போன சனிக்கிழமை கைக்கு வந்தது. மாவடு பாட்டில் உடையவில்லை. தம்பியை இங்கே ஜெர்மனிக்கு அனுப்ப ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார் என்று நீ எழுதி, பருப்புப் பொடிக்கு அடியில் மடித்து வைத்திருந்த கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை படித்தேன். நான் கடைசியாக எழுதியது ஆடி மாதம். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது என் தப்புதான். போனில் பேசுகிறோமே என்று விட்டுவிட்டேன். ஆனால் போனில் சாப்பாடு, குளிர், அப்பாவின் கால் வலி என்று கேட்டு முடிப்பதற்குள் நேரமாகிவிடுகிறது.

நீ கேட்டதற்கெல்லாம் முதலில் பதில். சாப்பாட்டுக்குக் குறையில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறி ஸ்டுட்கார்ட் போய் அரிசி, புளி, உளுந்து வாங்கி வந்துவிடுகிறேன். கறிவேப்பிலையைக் கழுவிக் காயவைத்து ஃப்ரீசரில் போட்டால் மூன்று வாரத்துக்கு வருகிறது. மதியம் ஆஸ்பத்திரியிலேயே ரொட்டி, சூப். பழகிவிட்டது. குளிருக்குக் கோட்டு வாங்கினாயா என்று அப்பா கேட்டாராமே, என்னோடு வேலை செய்யும் ஃபிலிப்பைன்ஸ் அக்கா தன்னுடையதைக் கொடுத்தார். புதுசு மாதிரியேதான் இருக்கிறது, அதனால் நான் வாங்கவில்லை. இப்போது சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. காலையில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும். ஆறு மணி டியூட்டிக்குப் போய்த் திரும்புகிற நாளில் வெயிலைப் பார்ப்பதே கொஞ்ச நேரம்தான்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, எண்பது வயது, தனியாக இருக்கிறார். நான் வந்த முதல் மாதமே கதவைத் தட்டினார். கையில் கடிகாரம் மாதிரி ஒன்று. அறையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அது காட்டுமாம். நான் சோறு வடிக்கிற ஆவியில் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும் என்று, ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லா ஜன்னலையும் அகலமாகத் திறந்து வைத்தார். வெளியே பனி கொட்டுகிறது. ஐந்து நிமிஷம் என்னை அப்படியே நிற்க வைத்தார். தினமும் இரண்டு வேளை இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது பழகிவிட்டது, செய்யாவிட்டால்தான் மூச்சு முட்டுகிறது.

இந்தப் பக்கத்தில் இன்னொரு வழக்கம். கேர்வோகே என்பார்கள், பெருக்குகிற வாரம். ஒரு சின்னப் பலகை வீடு வீடாக மாறிவரும். எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வீட்டுக்காரர் அந்த வாரம் மாடிப்படி, நடை, வாசல் எல்லாம் சுத்தம் செய்ய வேண்டும். என் முறை முடிந்ததும் பாட்டி படிப்படியாக இறங்கி மூலையெல்லாம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கதவுக்கு வெளியே ஒரு தகர டப்பா நிறைய கிறிஸ்துமஸ் பிஸ்கட் இருந்தது. உனக்கு அவரைப் பிடிக்கும் அம்மா.

வேலை நன்றாகப் போகிறது. நர்ஸ் அங்கீகாரத்துக்கான தேர்வு மார்ச்சுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

போன வாரம் நைட் டியூட்டி. தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர், நினைவு தப்பிவிட்டது. ராத்திரியெல்லாம் 'மாமா, மாமா' என்று கூப்பிடுகிறார். முதல் தடவை கேட்டபோது நம் மாமா முகம்தான் கண் முன்னால் வந்தது. இங்கே அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டால் அடங்குகிறார். மூன்று மணி இருக்கும், அங்கே ஏழரை. நீ வாசல் தெளித்து முடித்து, காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பாய். அந்தப் பாட்டி என்னைப் பார்த்து 'மாமா' என்றார். எனக்கும் உன்னைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. அவர் தூங்கின பிறகும் கையை எடுக்க மனசு வரவில்லை.

சரி, தம்பி விஷயம். அதற்காகத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஏஜென்ட் ஐந்து லட்சம் கேட்கிறார், முதலில் டூரிஸ்ட் விசாவில் போய்விட்டால் அங்கே போய் வொர்க் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார், கழுகு முத்திரை போட்ட பெர்மிட் ஒன்றைக்கூடக் காட்டினார் என்று எழுதியிருக்கிறாய். அம்மா, வொர்க் பெர்மிட் என்று தனியாக ஒரு காகிதமே இந்த நாட்டில் கொடுப்பதில்லை. 2005-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். நாம் தங்குவதற்குக் கொடுக்கும் அனுமதியிலேயே வேலை செய்யலாமா, எந்த வேலை என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள். என்னிடம் இருப்பது ஏ.டி.எம். அட்டை மாதிரி ஒரு அட்டை, அதில் என் கைரேகை. கூட ஒரு பச்சைத் தாள், எந்த வேலைக்கு அனுமதி என்பது அதில்தான் இருக்கிறது. ஊரில் இருக்கிற ஒருவர் பையில் வைத்துக்கொண்டு காட்டுகிற பொருள் இல்லை இது.

டூரிஸ்ட் விசா 180 நாளில் 90 நாள் இருக்கத்தான். அதில் வேலை செய்யக் கூடாது. நம் நாட்டுக்காரர்கள் வேலைக்கான விசாவை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். தம்பி அப்படி வந்தால் மூன்று மாதம் முடிந்ததும் ஒளிந்து வாழ வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும். பிடிபட்டால் மறுபடி இந்தப் பக்கமே வர முடியாமல் போகலாம். ஐந்து லட்சத்தை யார் திருப்பித் தருவார்?

'அக்கா போய்விட்டாளே, எனக்கென்ன' என்று அவன் சொல்கிறானாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் எதையும் சொல்லாமல் விட்டதால்தானே உங்களுக்கெல்லாம் இது சுலபம் என்று தோன்றுகிறது. அதனால் இப்போது சொல்கிறேன். அப்பாவுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தையும் விடாமல் வாசி.

பி2 என்கிற தேர்ச்சி நிலை வரைக்கும் ஜெர்மன் படிக்க எனக்குப் பதினாலு மாதம் ஆனது உனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் சான்றிதழ்களும் நடந்துகொண்டிருந்தன. நாலு வருஷப் படிப்பில் எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் என்று கல்லூரியிலிருந்து வாங்கி, நர்ஸிங் கவுன்சில் பதிவையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து இங்கே அனுப்பினேன். என் படிப்பில் எதெது குறைகிறது என்று பட்டியல் போட்டு இங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இங்கே 411 யூரோ கட்டி விரைவு வழியில் விண்ணப்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் விசா. ஒப்பந்தம் முதலில், விசா அப்புறம், டிக்கெட் கடைசியில். இந்த வரிசையை யாராவது மாற்றிச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

வந்த பிறகும் நான் இங்கே நர்ஸ் இல்லை அம்மா. உதவியாளர். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், படுக்கை மாற்றலாம். ஆறு வருஷம் ஐ.சி.யு.வில் ஊசி போட்ட கை, இங்கே அதைத் தொடக் கூடாது. அங்கீகாரம் வந்தால்தான் நர்ஸ், அதுவரை உதவியாளர் சம்பளம். வாடகை, வரி, காப்பீடு போக நிற்பது நான் அனுப்புவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால்தான் உன் சங்கிலியை இன்னும் மீட்க முடியவில்லை. வங்கியில் ஏதோ தாமதம் என்று சொன்னேனே, அது பொய்.

தேர்வு தள்ளிப் போனது என்று மேலே எழுதியதும் முழு உண்மை இல்லை. அக்டோபரில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன், செய்முறையில் தவறிவிட்டேன். கை வேலையில் குறை சொல்லவில்லை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவர்கள் வேகமாகக் கேட்டபோது எனக்கு ஜெர்மன் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். இப்போது கீழ்வீட்டுப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்னோடு பேசுகிறார். அவரைப் படுக்க வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்கிறேன். தப்பாகச் சொன்னால் விடமாட்டார். மார்ச்சில் தேறிவிடுவேன் அம்மா, நீ அழாதே.

தம்பி வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், இங்கே அந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். ஜெர்மன் வகுப்பில் சேரட்டும், அந்தச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். 2024 ஜூனிலிருந்து வாய்ப்பு அட்டை என்று ஒன்று கொடுக்கிறார்கள். அதுவும் வேலை இல்லை, ஒரு வருஷம் தங்கி வேலை தேடத்தான். வாரம் 20 மணி நேரம் பகுதி வேலை செய்யலாம். ஆனால் 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ செலவுக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். யாராவது அதையே வேலை என்று சொல்லி விற்க வந்தால் இதைச் சொல்லுங்கள்.

அந்த ஏஜென்டிடம் பதிவு எண் கேட்கச் சொல். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்றவரே ஆனாலும் ஆளிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஐந்து லட்சம் எங்கே, இது எங்கே! கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. மாமா சென்னை போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை விசாரித்துவிட்டு வரட்டும்.

கிணற்றடி நிலத்துப் பத்திரத்தை யாரும் எடுக்க வேண்டாம். சித்தப்பா கேட்டாலும் பீரோச் சாவியைக் கொடுக்காதே, நான் சொன்னேன் என்று சொல். தம்பி கோபப்பட்டால் அவனே எனக்கு போன் பண்ணட்டும். ஞாயிறு ராத்திரி உங்கள் நேரம் ஒன்பதுக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து மதினிக்கு வாட்ஸ்அப்பிலும் இன்றே அனுப்பிவிடுகிறேன், தபால் வருவதற்குள் அவன் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அதற்குரிய பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதில் கை வைக்கவில்லை. பெரியத்தை மகள் வளைகாப்புக்கு என் பேரில் ஐநூறு ரூபாய் எழுதிவிடு. அடுத்த தடவை யாராவது வந்தால் மாவடு வேண்டாம், இன்னும் நிறைய இருக்கிறது. உன் பழைய பருத்திப் புடவை ஒன்று கொடுத்தனுப்பு, துவைத்தது வேண்டாம்.

அன்புடன்,
உன் மகள்