பேத்திக்குப் பசி திரும்பும் வரை

ஒட்டுசுட்டான்

அன்பு மகன்,

நேற்று இரவு நீ அனுப்பின குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பேத்திக்கு வயிற்றோட்டம் நின்றுவிட்டது, சளியும் இறங்கிவிட்டது, ஆனால் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வாய் திறக்கிறாள் இல்லை, 11.4 கிலோ இருந்தவள் 10.3க்கு வந்துவிட்டாள், மருமகள் அழுதபடி இருக்கிறாள் என்றாய். போனில் இதெல்லாம் ஒழுங்காகச் சொல்ல வராது, சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவரேஜ் போய்விடும். அதனால் எழுதுகிறேன். மருமகளும் இருந்து வாசிக்கட்டும்.

முதலில் அந்த ஒரு கிலோவைப் பற்றி. வயிற்றோட்டத்தில் குறைகிற நிறையில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது குடிக்கக் குடிக்கச் சில நாளில் திரும்பிவிடும். மிச்சம் சதையும் கொழுப்பும். அது ஏறக் கிழமைக் கணக்கு வேண்டும். இரண்டு வயது தாண்டின பிள்ளை சுகமாக இருக்கிற காலத்திலேயே மாதத்துக்கு 200 கிராம் அளவில்தான் ஏறும். வருத்தத்தால் எழும்பின பிள்ளை, வயிறு கொண்ட சாப்பாடு கிடைத்தால், அதைவிட வேகமாக ஏறும். ஆனாலும் போன கிலோ அடுத்த கிழமையே வரவேண்டும் என்று எதிர்பார்த்தால் உங்கள் இரண்டு பேருக்கும் நித்திரை வராது.

பசி ஏன் வரவில்லை என்று கேட்டாய். காய்ச்சல், தொற்று என்று எது வந்தாலும் உடம்பு முதலில் பசியைத்தான் அடக்கும். கிருமி போன பிறகும் அது சில நாள் அப்படியே கிடக்கும். இத்தனை வருடம் ஊர் ஊராகப் பிள்ளைகளைத் தராசில் தூக்கி வைத்தவள் சொல்கிறேன், அந்தப் பசி வரும். வரும்போது பறந்துகொண்டு வரும். அதுவரைக்கும் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான். அவள் தின்கிற கொஞ்சத்துக்குள் சத்தை நிறைத்துக் கொடுப்பது ஒன்று. சாப்பாட்டை அவளுக்கு வெறுப்பாக்காமல் இருப்பது மற்றது. இரண்டாவதுதான் கஷ்டம், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது. 1998இல், இரண்டு வயதுகூட நிரம்பாத உனக்கு மலேரியா வந்தது. அப்போது வன்னியில் மலேரியா வராத வீடே இல்லை. இடம்பெயர்ந்து வந்து போட்ட கொட்டிலில், நடுங்கி நடுங்கிக் கிடந்தாய். குளோரோகுயின் குளிசையை அரைத்துத் தேனில் குழைத்துத் தந்தாலும் அந்தக் கசப்பு மறையாது. காய்ச்சல் விட்டது, நீ சாப்பிடவில்லை. சோறு, கஞ்சி, பழம், எதைக் கொண்டுவந்தாலும் தலையைத் திருப்பினாய். பிறகுதான் கவனித்தேன். கரண்டியைக் கண்டவுடன் வாயை இறுக்குகிறாய், அதே சோற்றை அப்பா தின்னும்போது எட்டிப் பார்க்கிறாய். மருந்து வந்த கரண்டிதான் உனக்குப் பகை. அன்றோடு கரண்டியை எடுத்து வைத்துவிட்டேன். அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் உன்னை இருத்தி, குழைத்த சோற்றைச் சின்ன உருண்டையாக்கி உன் கையிலேயே தந்தேன். முதல் நாள் அதைப் பிய்த்துப் பாயில் பூசினாய். அடுத்த நாள் ஒன்றை வாயில் வைத்தாய். பிறகு அப்பா குளத்தில் இருந்து கொண்டுவந்த விராலை முள் பார்த்துப் பிசைந்து சோற்றோடு உருட்டினேன், நீயே கை நீட்டிக் கேட்டாய். (அந்த மலேரியா இப்போது இங்கே இல்லை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தபோது நான் அழுதது உன்னை நினைத்துத்தான்.)

உன் மகளுக்கும் ஆஸ்பத்திரியில் வாய்க்குள் என்னென்னவோ விட்டிருப்பார்கள். ஆகவே சில நாளைக்குக் கரண்டியை மறந்துவிடுங்கள். கையில் பிடித்துத் தின்னக்கூடியதைக் கொடுங்கள். மூக்கைப் பிடிப்பது, கையைக் கட்டிப் பிடித்து ஊட்டுவது, "இன்னும் ஒரு வாய்" என்று பின்னால் திரிவது, இதெல்லாம் வேண்டாம். போனில் கார்ட்டூன் போட்டு அவள் அசந்த நேரம் வாய்க்குள் தள்ளுவதும் வேண்டாம். அப்படித் தின்கிற பிள்ளைக்குத் தன் வயிறு நிரம்பினது தெரியாது, பசித்ததும் தெரியாது. எதை, எந்த நேரம் வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவளுடையது. அரை மணித்தியாலம் வைத்திருங்கள், தின்னாவிட்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் அடுத்தது வரட்டும், இடையில் தண்ணீர் மட்டும்.

இனிப் பால். அவள் ஒன்றும் தின்கிறாள் இல்லை, பால் மட்டும் நாலைந்து போத்தல் குடிக்கிறாள் என்று போகிற போக்கில் சொன்னாய். மகன், எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. சின்னப் பிள்ளையின் வயிறு, ஒரு கிலோ நிறைக்கு 30 மில்லிலீற்றர் அளவுதான் கொள்ளும். உன் மகளுக்கு அது 300 மில்லிலீற்றர். ஒரு போத்தல் பால் உள்ளே போனால் சோறு எங்கே போகும்? மாட்டுப்பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு, மிஞ்சிக் குடித்தால் இரத்தம் குறையும், இரத்தம் குறைந்தால் பசி இன்னும் குறையும். ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம், அதையும் போத்தலில் இல்லாமல் கப்பில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரவில் நித்திரைக்கு இடையில் கொடுக்கிற போத்தலை முதலில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று இரவு அழுவாள், காலமை பசியோடு எழும்புவாள். பால் குடித்தவுடன் திரும்ப வயிறு இளகினால் டொக்டரிடம் சொல். வயிற்றோட்டத்துக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குப் பால் கொஞ்ச நாளைக்குச் செரியாது. தயிர் செரிக்கும். எங்கள் எருமைத் தயிர் அங்கே கிடைக்காது, கடையில் கொழுப்பு எடுக்காத தயிராகப் பார்த்து வாங்கு. பழ யூஸ் வேண்டவே வேண்டாம். வெறுந்தேத்தண்ணியும் வேண்டாம். அதில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் போகாது, தேயிலை சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது.

உன் மாமியார் போனில், "பத்தியமாக வைத்திரு, கஞ்சித்தண்ணி மட்டும் கொடு, மீன் முட்டை இப்ப வேண்டாம்" என்றாராம். அவரோடு வாதாட வேண்டாம், ஆனால் செய்யவும் வேண்டாம். வயிற்றோட்டம் நின்ற பிள்ளைக்குப் பத்தியம் இல்லை. கஞ்சித்தண்ணி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. இப்போது அவளுக்கு வழக்கத்தைவிட ஒரு நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு கிழமை, போன நிறை வரும் வரை என்றால் இன்னும் நல்லது. கிளினிக்கில் நாங்கள் ஒவ்வொரு தாய்க்கும் சொல்கிறது இதுதான். நாவூறு சுத்திப் போட்டதாகவும் சொன்னாய். சரி, அதில் ஒரு கெடுதியும் இல்லை.

கொஞ்சத்துக்குள் சத்தை நிறைக்கிறது எப்படி என்றால், எண்ணெய்தான் கைகண்ட வழி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. அவளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி போதும். சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய்யோ பட்டரோ, புட்டில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் என்று ஒவ்வொரு நேரமும் விட்டால், அவள் ஒரு வாய்கூடக் கூடத் தின்னாமலே நூற்றுக்கு மேல் சேர்ந்துவிடும். முட்டையை நல்லெண்ணெயில் பொரித்து, விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடு. பருப்பைத் தண்ணீராக்காமல் கட்டியாகக் கடைந்து, கடைசியில் தேங்காய்ப்பால் விடு. இடியப்பத்துக்குச் சொதியை முதற்பாலில் வை. மீனோ கோழியோ ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது இருக்கட்டும். மேலே தேசிக்காய் பிழிந்துவிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். அவகாடோ அங்கே மலிவு என்றால் அதையும் பிசைந்து கொடு. கச்சானை (வேர்க்கடலை) முழுதாகக் கொடுக்காதே, புரைக்கேறும். அரைத்ததைப் பாணில் மெல்லியதாகப் பூசிக் கொடு. முந்திரிகைப் பழம் (திராட்சை) என்றால் நீளத்துக்கு நாலாக வெட்டு.

களியைப் பற்றி மருமகளுக்கு. வறுத்த உளுத்தம்மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, பனங்கட்டி போட்டு, அடுப்பைக் குறைத்துக் கிண்டு. சட்டியை விட்டுக் கழன்று வருகிற நேரம் நல்லெண்ணெய் விடு. ஆறின பிறகு நெல்லிக்காய் அளவு உருட்டிக் கோப்பையில் வைத்தால் விளையாடி விளையாடித் தின்பாள். எங்கள் கிளினிக்குக்கு வந்த தாய்மார் திரிபோஷாச் சத்துமாவையும் இப்படித்தான் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டுவார்கள். தேறாத பிள்ளைக்கென்று கொடுத்த 750 கிராம் பக்கெற் வீட்டில் எல்லாருக்கும் பங்காகி இரண்டு நாளில் முடிந்துவிடும். அந்தத் தாய்மாரை நான் ஒருநாளும் ஏசினதில்லை. மற்றப் பிள்ளைகளும் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கையில் ஒன்றுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பாள்?

குரக்கன் (கேழ்வரகு) முளைமா செய்து வைத்திருக்கிறேன். குரக்கனை இரவு ஊறவிட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளை முளை தெரிந்ததும் நல்ல வெயிலில் காயவைத்து அரைத்தது. வறுக்கவில்லை, வறுத்தால் இதன் குணம் போய்விடும். குணம் என்னவென்றால், கஞ்சி கட்டியாக இருந்தால் பிள்ளை விழுங்காது, தண்ணீர் விட்டால் சத்து இருக்காது. அரிசிமாக் கஞ்சியைக் கரண்டி நிற்கிற பதத்துக்குக் கட்டியாகக் காய்ச்சி இறக்கு. கொதி அடங்கி, சூடு இருக்கும்போதே இந்த மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கு. கொஞ்ச நேரத்தில் உன் கண்ணுக்கு முன்னாலேயே இளகிவிடும். முளையில் இருக்கிற நொதியம் மாச்சத்தை உடைக்கிற வேலை அது. பிறகு ஒரு கொதி திரும்பக் கொதிக்கவிட்டுக் கப்பில் கொடு. இரண்டு மடங்கு மாப் போட்ட கஞ்சியை இலகுவாகக் குடித்துவிடுவாள்.

பசி மருந்து என்று கடைகளில் விற்கிற பாணியை யார் சொன்னாலும் டொக்டரைக் கேட்காமல் வாங்காதே. சிலதில் இருக்கிற மருந்து பிள்ளையைத் தூங்க வைக்கும். விற்றமின் பாணி சாப்பாடு ஆகாது. ஒன்று மட்டும் டொக்டரிடம் கேள். இங்கே வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலோடு சிங்க் மருந்தும் 10 முதல் 14 நாள் கொடுப்போம், அங்கே அவளுக்குத் தேவையா என்று. இரத்தம் பார்க்கச் சொல்லியும் கேள்.

நிறையைத் தினம் பார்க்காதே. ஒரு முறை மூத்திரம் போனாலே எண் மாறும், அதைப் பார்த்து மருமகள் திரும்ப அழுவாள். கிழமைக்கு ஒருநாள், காலமை, சாப்பாட்டுக்கு முதல், ஒரே தராசில், உள்ளுடுப்போடு. இரண்டு கிழமை போயும் ஏறாவிட்டால், அல்லது இன்னும் இறங்கினால், டொக்டரிடம் கொண்டுபோ. திரும்பக் காய்ச்சல் வந்தால், வெளிக்குப் போவதில் இரத்தம் கண்டால், மூத்திரம் குறைந்தால், இரண்டு காலும் வீங்கினால், விளையாடாமல் சோர்ந்தே கிடந்தால், கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே போ. விளையாடுகிறாளா என்று நான் ஒவ்வொரு தரமும் கேட்பது இதற்குத்தான். நீ சொன்ன அளவில், பொம்மைக்குச் சட்டை போடுகிறாள், உன்னோடு சண்டை பிடிக்கிறாள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

மருமகளிடம் சொல், அவளில் ஒரு பிழையும் இல்லை. இரவு வேலை முடித்து வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கதிரையில் கிடந்து எழும்பினவள். அவளும் மெலிந்துதான் இருப்பாள். காலமைச் சாப்பாட்டை நீ பொறுப்பெடு, அவள் நித்திரை கொள்ளட்டும். மூன்று பேரும் ஒரு நேரமாவது ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். தனியே இருத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் தின்னாது.

முன்வீட்டு அக்காவின் மகள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து நிற்கிறாள், வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்குப் பயணம். அவளிடம் உளுத்தம்மாவும் குரக்கன் முளைமாவும் தனித்தனிப் பையில், பெயர் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். முளைமாவை வந்தவுடன் பிறிட்ஜில் வை. ஞாயிற்றுக்கிழமை நிறுத்துப் பார்த்து எண்ணை எழுதி அனுப்பு. கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுது, எனக்காகக் கூட்டி எழுதாதே.

அன்புடன்,
அம்மா