சபையைப் பார்க்காதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, தொடை வலிதான். சிரிக்காதே. இந்த வயதில் கேரளத்துப் போர்க்கலையான களரி கற்கப் போய்க்கொண்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை.

உன் மகள் அரங்கேற்றம் முடித்த கையோடு களரியும் நாடகமும் கற்கப் போகிறேன் என்று நிற்கிறாள், பத்து வருஷம் கற்ற பரதம் கெட்டுப்போய்விடாதா என்று கேட்டிருந்தாய். கெடும் என்றுதான் நினைக்கிறேன், கொஞ்சம். எனக்கு என்ன கெட்டது என்று சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

முதல் நாள் ஆசான் என்னை எதிரே நிறுத்தி ஒரு சின்னக் கம்பைக் கையில் கொடுத்தார். வழக்கமாகக் கம்பெல்லாம் மெய்ப்பயிற்று என்ற உடற்பயிற்சி முடிந்து எத்தனையோ மாதம் கழித்துத்தான். இவள் என்ன மாதிரி ஆள் என்று பார்க்கத்தான் கொடுத்திருக்கிறார். நான் கம்பைத் தூக்கினேன், நிமிர்ந்து நின்றேன், முகத்தில் வீரரசம் கொண்டுவந்தேன். அவர் என் தோளில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு, “நீங்க என்னைப் பார்க்கலை. எனக்குப் பின்னாடி இருக்கிற சபையைப் பார்க்கிறீங்க” என்றார்.

அவருக்குப் பின்னால் இருந்தது ஒரு தண்ணீர்க் குடமும் இரண்டு ஜோடிச் செருப்பும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நமக்குச் சின்ன வயதில் நெட்டுருப் போட வைத்தார்களே, ‘யதோ ஹஸ்தஸ் ததோ த்ருஷ்டி’, கை போகும் இடத்தில் கண், கண் போகும் இடத்தில் மனம் என்று. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலின் அந்தச் சுலோகத்தை நாம் கேள்வி கேட்டதே இல்லை. களரியில் அப்படிக் கண்ணைக் கையோடு அனுப்பினால் எதிராளியின் கம்பு மண்டையில் இறங்கும். கை எங்கே போனாலும் கண் எதிரே இருப்பவரைவிட்டு அகலக்கூடாது. மலையாளத்தில் ஒரு சொலவடை சொல்வார்கள்: உடம்பு முழுக்கக் கண்ணாக வேண்டும் என்று. முதுகும் பார்க்க வேண்டும், குதிகாலும் பார்க்க வேண்டும். நாற்பது வருஷமாக எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே, ஜடையும் ராக்கொடியும் கனக்கும்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

காலும் அப்படித்தான். நம் கால் தட்டிப் பழகிய கால். ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். “நீங்க வர்றதை எதிரிக்குச் சொல்லி அனுப்புறீங்களா?” என்றார் மனுஷர். பரதத்தின் அரைமண்டியில் முழங்கால் இரண்டு பக்கமும் விரியும், முதுகு தூண் மாதிரி நிற்கும். இங்கே அசுவவடிவில், அதாவது குதிரை நிலையில், ஒரு கால் முன்னே மடங்கும், மற்றது பின்னே நீளும், முதுகெலும்பு வில்லாக வளையும். எனக்கு வளையவில்லை. ஆசான் வாயால் சொல்லிக்கொண்டே போகும் கட்டளையான வாய்த்தாரி நட்டுவனாரின் சொற்கட்டு போலவே காதில் விழுகிறது, ஆனால் தாளம் போட்டுப் பார்த்தால் கைக்கு அடங்காது. அவர் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் அளவு.

இதையெல்லாம் மேடைக்குக் கொண்டு வந்தவர்களைப் பற்றி நமக்கு அந்த நாளில் யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. நடன அமைப்பாளர் சந்திரலேகா பேரை எடுத்தாலே வகுப்பில் முகம் சுளிப்பார்கள், நினைவிருக்கிறதா? அவர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் கற்றவர் என்பதே எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். 1952இல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக அவருடைய அரங்கேற்றம் நடந்தது. ‘மதுரா நகரிலோ’ பாட்டுக்கு யமுனையின் நீர்ப்பெருக்கைக் கையால் காட்டிக்கொண்டிருக்கும்போதே வெடித்துக் கிடக்கும் நிலம் கண் முன்னால் வந்து நின்றதாம். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். சுலோகம் அங்கேயே உடைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நடுவில் பல வருஷம் நடனத்தைவிட்டே விலகியிருந்தார். 1985இல் ‘அங்கிகா’ என்ற படைப்போடு வந்தபோது பரதத்தோடு களரியும் யோகமும் ஒரே மேடையில் நின்றன. நாயகனுக்காக ஏங்கும் நாயகி இல்லை. ஏக்கம் போனபின் மிஞ்சும் உடம்பு எதற்கு என்பதுதான் அவர் கேள்வி.

2001இல் வந்த ‘சரீரா’தான் அவருடைய கடைசிப் படைப்பு. ஒரு ஆண், ஒரு பெண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்ற இந்துஸ்தானி இசை, அவ்வளவுதான். ஆண் களரியில் ஊறிய ஷாஜி ஜான். பெண் கவிஞர் திஷானி தோஷி, நம்மைப் போல நாட்டியம் கற்று வந்தவர் இல்லை. அது வேண்டுமென்றே செய்த தேர்வோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சபையைப் பார்க்கும் பழக்கமே இல்லாத கண் கிடைத்துவிட்டதல்லவா! நகரும் வேகமோ எறும்பு ஊர்வது போல. களரியின் உதையும் பாய்ச்சலும் வெளியே தெரியாது, அதன் பிடிமானம் மட்டும் இடுப்பில் இருக்கும்.

போன மாதம் ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். யாருடையது என்பது வேண்டாம். தில்லானா நடுவில் விளக்கை அணைத்து, சிவப்பு ஒளி போட்டு, நான்கு பேர் வாளோடு குதித்தார்கள். இரண்டு நிமிஷம். கைதட்டல். பிறகு மறுபடி தில்லானா. அந்த நாலு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வெட்டினார்கள், எதிரே வாளோடு நிற்பவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு என் முதல் நாள் ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது.

கலப்பு என்பது புதுமோகம் என்று உன் கணவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவரிடம் மயூர்பஞ்ச் சௌ பற்றிச் சொல். ஒடிசாவின் அந்த ஆட்டத்துக்கு அடிப்படையே பரிகண்டா என்ற கேடய-வாள் பயிற்சி. அதே ஆட்டத்தில் சாணி கரைப்பது, பாத்திரம் துலக்குவது போன்ற வீட்டு வேலைகளிலிருந்து எடுத்த அசைவுகளும் உண்டு, உஃப்லி என்பார்கள். சிப்பாயும் சாணி மெழுகுபவளும் ஒரே உடம்பில்! கதகளிக்காரர்களின் உடற்பயிற்சியும், காலால் மிதித்து உருவிவிடும் உழிச்சிலும் களரி கொடுத்தவைதான். நம் ஊரில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் நடிகர்கள் தெருக்கூத்தும் சிலம்பமும் பழகினார்கள். மணிப்பூரில் நாடக இயக்குநர் ரத்தன் திய்யம் அந்த ஊர்ப் போர்க்கலையான தாங்-தாவின் வாளையும் ஈட்டியையும் நாடகத்துக்கு எடுத்து வந்தார். அவருடைய ‘சக்கரவியூக’த்தில் அபிமன்யுவைச் சூழ்கிறவர்களுக்கு நிஜமாகவே சூழத் தெரியும்.

உன் மகளுக்கு ஏற்ற இடம் என்று எனக்குப் படுவது ஆதிசக்தி நாடகக் குழு. வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கி, பிறகு புதுச்சேரிப் பக்கம் கொண்டு வந்தது. அவர் 2014இல் காலமானார், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. களரி, கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம், அதற்கு வாசிக்கும் மிழாவு என்ற முழவு எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அவற்றை உருப்படிகளாக மேடையில் வரிசையாக வைக்க மாட்டார்கள். கூடியாட்டத்தில் ஒவ்வொரு ரசத்துக்கும் ஒரு மூச்சு உண்டல்லவா, அதை எடுத்து இன்றைய நடிகன் வசனம் பேசும் தொண்டையில் வைக்கிறார்கள். வாளும் முத்திரையும் பார்வையாளருக்குத் தெரியாமலே போகலாம். அதில் எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கொஞ்சம் முத்திரையும் வேண்டும், கொலுசுச் சத்தமும் வேண்டும். பழகிய காது.

சரி, கெடுவது என்ன என்று கேட்டாயே. அவளுடைய அரைமண்டி ஒரு வருஷத்துக்குக் கோணலாக இருக்கும். தட்டு மெலியும். பதவர்ணத்தில் நாயகனைப் பார்க்க வேண்டிய இடத்தில், எதிராளியை அளப்பது மாதிரி முறைப்பாள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. போன வாரம் வீட்டில் தனியாக ஒரு பதம் ஆடிப் பார்த்தேன், நாயகி தன் தோழியான சகியிடம் பேசும் இடம். முதல் முறையாகச் சகி எங்கே நிற்கிறாள், எவ்வளவு உயரம், கிளம்பப் பார்க்கிறாளா என்பதெல்லாம் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவளை வைத்துக்கொண்டு முன்வரிசைக்காரர்களிடம் பேசியிருக்கிறேன், பாவம்.

விடுமுறையில் அவளை இரண்டு வாரம் இங்கே அனுப்பு. களரி என்பது பயிற்சிக்கூடத்துக்கும் பேர், ஆனால் இங்கே முழுக் களரி என்று எதிர்பார்க்க வேண்டாம். முறைப்படி நாற்பத்திரண்டடிக்கு இருபத்தோரடி மண்ணைத் தோண்டி இறக்கிய குழி இருக்க வேண்டும், எங்களுக்கு வாய்த்தது வாடகைக் கூடத்தின் சிமெண்டுத் தரை. காலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஐந்தே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும். நான் ஒரு நாள் ஐந்து நிமிஷம் தாமதமாகப் போய், முழு வகுப்பையும் வாசலில் நின்றே பார்த்தேன். எண்ணெய் வாங்கி வைக்கிறேன். முழங்கால் உறை மட்டும் உன் ஊரிலிருந்து இரண்டு ஜோடி கொடுத்துவிடு, ஒன்று எனக்கு.

அன்புடன்,
உன் பழைய ஜோடி