இராமபாணம் துளைத்த தீபாவளி மலர்

அன்புள்ள சேது,

ஊர் வீட்டை விற்கப் போவதாக நீ எழுதி இரண்டு மாதமாகிறது. பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பேத்திக்குப் பல் முளைத்து எல்லாரையும் கடிக்கிறாள். விஷயத்துக்கு வருகிறேன்.

1972 கோடை விடுமுறையில் உங்கள் பரணிலிருந்து காணாமல் போன விகடன் தீபாவளி மலரை எடுத்தவன் நான்தான். சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தேன். அடி வாங்கியவன் பாலு.

போன வாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இராமபாணப் பூச்சி! அட்டையில் புகுந்து நாற்பதாம் பக்கம் வரை நேர்கோட்டில் துளை. திருடனைத் தேடி இராமபாணமே வந்துவிட்டது என்று என் மனைவி சிரிக்கிறாள். உள்ளே ஒரு கல்யாண ஊர்வலப் படம். சிவப்பு மை அச்சிடும் பிளாக் சற்று விலகியதில், மாமியின் வெற்றிலைச் சிவப்பு உதட்டை விட்டுக் கன்னத்தில் இருக்கிறது. வரைந்தவர் கோபுலு என்று சத்தியம் செய்வேன். கையெழுத்து இருந்த மூலையைத்தான் பூச்சி தின்றிருக்கிறது.

பழைய புத்தகக் கடைகள் இருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு, ஞாயிறுதோறும் திருவல்லிக்கேணி நடைபாதைதான் எனக்குக் கதி. பழைய பத்திரிகை கிடைக்கிறது; அட்டையோடு கிடைப்பது அபூர்வம். ஏன் தெரியுமா? உன் அப்பாவைப் போன்றவர்களால்தான்! 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஐந்து பாகமாக பைண்டு செய்து வைத்தாரே. உள்ளே ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவன் பத்திரமாக இருக்கிறான். அட்டைகள்? தொடர்கதைப் பக்கம்தான் வேண்டும், அட்டை எதற்கு என்று வீட்டுக்கு வீடு பிய்த்துப் போட்டார்கள். உன் பாட்டி மட்டும் அவற்றைப் பாயடியில் சேர்த்துவைத்து, பின்னால் நம் கணக்கு நோட்டுகளுக்கு உறை போட்டுத் தந்தார். அந்த ஓவியங்களின் மேல் பசை தடவி, 'ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு' என்று சீட்டு ஒட்டிய பாவிகள் நாம். இப்போது அதே அட்டைக்காக நடைபாதையில் குந்தி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு பேரம் பேசுகிறேன். கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தவுடனேயே விலையை ஏற்றிவிடுகிறார்.

சேது, பரணைக் காலி செய்யப் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிடாதே. உன் அப்பா கடைசி நாட்களில், கண் தெரியாமல் போன பிறகும், அந்த பைண்டு புத்தகங்களை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார் என்று நீதான் சொன்னாய். அது கிலோ கணக்கில் போக வேண்டிய சரக்கு இல்லை. தூக்க வழியில்லை என்றால் நான் தூக்குகிறேன். வேண்டாத சமயத்தில் ஒரு முறை தூக்கியவன்தானே.

அடுத்த ஞாயிறு வருகிறேன். மலரும் வரும், துளையோடு. பாலுவையும் வரச்சொல். அடிப்பதாக இருந்தால் இடது தோளில் அடிக்கட்டும். வலது தோள் ஏற்கெனவே வலிக்கிறது.

உன்
கிட்டு